மூளை, நரம்பு மண்டலக் கலைச்சொற்கள்: பொருளும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

உடற்கூற்றியல் பெயர்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் பணி ஐரோப்பாவிலேயே காலந்தாழ்த்துத்தான் நிகழ்ந்தது. ஓர் உறுப்புக்கு நாட்டுக்கொரு பெயரும் ஆசிரியருக்கொரு பெயருமாகப் பெருகியிருந்த ஏறத்தாழ 50,000 பெயர்களை 1895-இல் பாசெல் நகரில் ஏற்கப்பெற்ற பட்டியல் ஏறத்தாழ 5,000 ஆகக் குறைத்தது. அப்பட்டியல் பலமுறை திருத்தப்பெற்று 1998-இல் புதிய வடிவம் எய்தியது. மூளைக்கும் நரம்பு மண்டலத்திற்கும் உரிய பெயர்கள் மட்டும் 2017-இல் தனிப்பட்டியலாக விரிவுபெற்றன.

தமிழில் இத்துறைச் சொற்கள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 19-ஆம் நூற்றாண்டில் உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் தொடங்கிய கலைச்சொல் இதழ், 1930-களின் சொல்லாக்கக் குழுக்கள், கலைக்களஞ்சியப் பணி, பள்ளிப் பாடநூல்கள் ஆகியவை தமிழகத்து வழக்கை உருவாக்கின. இலங்கையில் 1950-களிலிருந்து அரசு சார்பில் வெளிவந்த சொற்றொகுதிகள் வேறொரு வழக்கை நிலைநிறுத்தின. இவ்விரண்டுக்கும் அப்பால், மக்கள் பேச்சில் வழங்கும் சொற்களும் சித்த மருத்துவச் சொற்களும் உள்ளன. ஆகவே, மூளை பற்றிய ஒரு பக்கத்தை மொழிபெயர்ப்பவர் குறைந்தது நான்கு சொல்லடுக்குகளுக்கிடையே தேர்வு செய்யவேண்டியவராகிறார்.

அத்தேர்வுக்கு உதவும் வகையில், நரம்பு மண்டலத்தின் அடிப்படை அமைப்பைச் சுருங்கக் கூறி, அதன் பெயர்கள் எவ்வாறு பொருள் உணர்த்துகின்றன, எங்கே பிழைபட உணர்த்துகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அமைப்பு

நரம்பு மண்டலம் மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம் என இரு பகுப்புடையது. மூளையும் தண்டுவடமும் முன்னதன் பாற்படும். அவற்றிலிருந்து கிளைக்கும் நரம்புகளும் நரம்பு முடிச்சுகளும் பின்னதன் பாற்படும்.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. அது பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என்னும் மூன்று பெரும்பகுதிகளைக் கொண்டது. பெருமூளையின் மடிப்புற்ற மேற்பரப்புப் புறணி எனப்படும். நரம்புச் செல்களின் உடல்கள் செறிந்திருப்பதால் புறணி சாம்பல் நிறமாகவும், கொழுப்புறை பூண்ட இழைகள் மிக்கிருப்பதால் அதன் உட்பகுதி வெண்மையாகவும் தோன்றும். தண்டுவடத்தில் இம்முறை மாறி, சாம்பல் நிறப்பொருள் உள்ளும் வெண்பொருள் புறத்தும் அமையும். மூளைத்தண்டு நடுமூளை, பாலம், முகுளம் என மேலிருந்து கீழாக அமைந்தது. மூச்சு, இதயத்துடிப்பு ஆகியவற்றை நெறிப்படுத்தும் மையங்கள் முகுளத்தில் உள்ளன.

முகுளத்தின் தொடர்ச்சியாகிய தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுடையது. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளைக்கின்றன. பின்னவை கழுத்துப் பகுதியில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் 5, வாலெலும்புப் பகுதியில் 1 என்னும் கணக்கில் அமையும். கழுத்து முள்ளெலும்புகள் ஏழே. கழுத்து நரம்பிணைகளோ எட்டு. மூலத்தில் இவ்வெண்களைக் காணும் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைப் பிழையெனக் கருதித் திருத்திவிடலாகாது. முதல் நரம்பு முதல் முள்ளெலும்புக்கு மேலேயும், எட்டாவது நரம்பு ஏழாவது முள்ளெலும்புக்குக் கீழேயும் வெளிவருவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

2. இரு அடிச்சொற்கள்

2.1 மூளை

தமிழில் 'மூளை' என்பது தலையினுள் உள்ள உறுப்பையும், பழைய வழக்கில் எலும்பினுள் உள்ள மென்பொருளையும் குறிக்கும். மலையாளத்தில் 'மூள' இவ்விரு பொருளும் தரும். தெலுங்கில் 'மூலுக' எலும்பின் உட்பொருளையே சுட்டும். கன்னடத்திலோ 'மூளெ' என்பது எலும்பு. எலும்புக் கூட்டினுள் அடங்கிய மென்மையான பொருள் என்ற கருத்தே இவ்வினச்சொற்களை இணைக்கிறது எனலாம்.

இக்கருத்து தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன 'மெடுல்லா', கிரேக்க 'மியலோஸ்' ஆகிய இரண்டும் எலும்பின் உட்பொருளைக் குறித்துப் பின்னர் முதுகெலும்பினுள் ஓடும் வடத்துக்கும் ஆயின. அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது. 'மைலைட்டிஸ்' என்பது தண்டுவட அழற்சி; 'மைலோமா' என்பது எலும்பு மச்சையில் தோன்றும் புற்று. முன்னொட்டு ஒன்றே, உறுப்போ வேறு. முன்னொட்டுக்கு ஒரு நிலையான தமிழ் வடிவத்தை வகுத்துக்கொண்டு இயந்திரப் போக்கில் பெயர்க்கும் முறை இங்குத் தோற்றுப்போகும்.

2.2 நரம்பு

'நரம்பு' இன்னும் சிக்கலானது. சங்க இலக்கியத்திலும் சிலப்பதிகாரத்திலும் அது யாழின் தந்தி. அத்தந்தியில் எழும் சுரத்துக்கும் அதுவே பெயராயிற்று. உடலில் அது தசைநாண், குருதிக்குழாய், உணர்வு கடத்தும் இழை ஆகிய மூன்றையும் சுட்டும். தாவரவியலில் இலையின் நரம்பையும் அதன் அமைவையும் குறிக்க இச்சொல்லே வழங்குகிறது. நீண்டு, மெலிந்து, முறுக்குடன் இருப்பது என்னும் வடிவப் பண்பே இப்பொருள்கள் அனைத்துக்கும் பொது.

கிரேக்க 'நியூரான்' என்ற சொல்லின் வரலாறும் இதுவே. அது முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் உடல்களை அறுத்து ஆராய்ந்த எரோபிலசு, உணர்வுக்கும் இயக்கத்துக்கும் உரிய நரம்புகளைப் பிறவற்றினின்று பிரித்தறிந்தார். அதன் பின்னரே அச்சொல்லின் பொருள் சுருங்கத் தொடங்கியது. இந்தியில் கலைச்சொல்லாக நிலைபெற்ற 'தந்திரிகா'வும் வீணையின் தந்தியைக் குறிக்கும் வடசொல்லோடு உறவுடையது.

வேறுபாடு ஒன்றுண்டு. கிரேக்கச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குக் கடனாகச் சென்றபோது அன்றாடப் பொருள்களை விட்டுவிட்டுச் சென்றது. தமிழ்ச் சொல் வீட்டிலேயே இருந்துகொண்டு கலைச்சொல்லாயிற்று. ஆதலால் பழைய பொருள்களும் உடன் வாழ்கின்றன. 'நரம்பு ஊசி' என்று மக்கள் கூறுவது நரம்பில் இடும் ஊசியன்று. சிரை வழியே மருந்து செலுத்துவது. 'நரம்பு சுருட்டல்' என்பது காலின் சிரைகள் புடைத்துச் சுருளும் நோய்; அதற்கு நரம்பு மண்டலத்தோடு தொடர்பில்லை. 'நரம்பு அறுந்தது' என்று ஒருவர் கூறினால் நாண், குழாய், நரம்பு ஆகியவற்றுள் எது அறுந்தது என்பது சூழலால்தான் விளங்கும்.

2.3 நாடி

இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் கவனிக்கத்தக்க சொல் 'நாடி'. தமிழகத்தில் அது பெரும்பாலும் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு. ஈழத்து அறிவியல் வழக்கில் அது தமனி. அங்குச் சிரைக்கு 'நாளம்' என்று பெயர். மலையாளத்திலும் தெலுங்கிலும் அறிவியல் வழக்கில் 'நாடி' என்பது நரம்பு. மலையாளத்தில் நரம்பு மண்டலம் 'நாடீவியூகம்' ஆகும். அதே மலையாளத்தில் 'ஞரம்பு' என்னும் இனச்சொல் பேச்சில் பெரிதும் குருதிக்குழாயைச் சுட்டுகிறது. கன்னடம் மட்டும் 'நரமண்டல' என்று தமிழோடு ஒத்துச் செல்கிறது. சித்த மருத்துவத்தின் 72,000 நாடிகளோ இவற்றுள் எதனோடும் முற்றப் பொருந்தா. அவற்றை நரம்பு என்று பெயர்ப்பது விளக்கமாகுமேயன்றி மொழிபெயர்ப்பாகாது. வடிவ ஒற்றுமை பொருள் ஒற்றுமையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

3. வடிவமும் உவமையும்

உடற்கூற்றியலின் பெயர்களுள் பல, உறுப்பை முதலில் அறுத்துக் கண்டவரின் கண்ணுக்குப் பட்ட உருவத்தைக் கூறுகின்றன. இலத்தீன 'கார்ட்டெக்ஸ்' மரப்பட்டை. தமிழகத்துப் 'புறணி'யும் மரப்பட்டையே. ஈழத்து 'மேற்பட்டை'யும் அவ்வாறே. புறணி என்பதற்குப் புறங்கூறுதல் என்ற பொருளும் உண்டெனினும், பெருமூளைப் புறணி, சிறுநீரகப் புறணி எனத் தொடரில் வருமிடத்து மயக்கம் எழுவதில்லை. அதற்கு இணையாக 'அகணி' என்றொரு சொல்லும் கிடைத்தமையால், புறணி-அகணி என்னும் இணை சிறுநீரகத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் ஒருங்கே பயன்படுகிறது. ஒரு கலைச்சொல்லின் ஆற்றல் அது தனித்து நிற்கும் அழகிலன்று, இவ்வாறு குடும்பம் அமைக்கும் திறனிலேயே உள்ளது.

'மெடுல்லா ஆப்லாங்கேட்டா'வைத் தமிழகம் 'முகுளம்' என்றது. முகுளம் என்பது மொட்டு. ஈழம் அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நீள்வளைய மையவிழையம்' என்றது. பின்னது மூலத்தின் ஒவ்வோர் உறுப்பையும் காட்டுகிறது. ஆயின் பெயரடை ஆக்குவதற்கு நீண்டுவிடுகிறது. முன்னது மூலத்தைப் பின்பற்றவில்லை. ஆயினும் அவ்வுறுப்புக்கு மருத்துவத்தில் வழங்கிய 'பல்பு' என்னும் குமிழ்வடிவப் பெயரோடு தற்செயலாகவோ அறிந்தோ இயைந்து நிற்கிறது. அதனால் 'பல்பார்' எனத் தொடங்கும் நோய்ப்பெயர்களை முகுள வாதம் முதலியனவாக எளிதிற் கூறமுடிகிறது.

'செரிபெல்லம்' என்பது 'செரிபிரம்' என்பதன் சிறுமைப் பெயர். 'சிறுமூளை' அதன் நேர் பெயர்ப்பு. ஈழத்தார் பெருமூளையை 'மூளையம்' என்றும் சிறுமூளையை 'மூளி' என்றும் வேறுபடுத்தினர். அடிச்சொல் ஒன்றே என்பது புலப்படும் நல்ல ஆக்கம் இது. எனினும் தமிழகத்தில் மூளி என்பது உறுப்புக் குறைந்ததையும் அணியிழந்ததையும் குறிக்கும், வசைச்சொல்லாகவும் வழங்கும். எனவே அச்சொல் கடல் கடக்கவில்லை. மறுபுறம், 'சிறுமூளை' என்ற பெயரும் அளவை மட்டுமே கூறுகிறது. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கே ஆன அவ்வுறுப்பில், 2009-இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்களுள் 6,900 கோடி உள்ளன. பெருமூளைப் புறணியில் இருப்பவை ஏறத்தாழ 1,600 கோடியே. பெயர் உறுப்பை அடையாளங்காட்டுவதன்றி அதன் சிறப்பை அளப்பதன்று என்பதை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் மறவாதிருத்தல் நலம்.

4. சொல்லில் தங்கிய பழைய கொள்கை

சில பெயர்கள் கைவிடப்பட்ட கொள்கைகளின் எச்சங்கள். அவற்றைப் பகுத்துப் பெயர்க்கும்போது இறந்த கொள்கைக்குத் தமிழில் மறுபிறப்பு அளித்துவிடுகிறோம்.

மூளையின் அடியில் தொங்கும் 'பிட்யூட்டரி' சுரப்பியின் பெயர் சளியைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லிலிருந்து வந்தது. மூளையின் கழிவு அச்சுரப்பி வழியே மூக்கிற்குச் சளியாக இறங்குகிறது என்பது கேலன் மரபினர் கருத்து. 17-ஆம் நூற்றாண்டில் அது பிழையென நிறுவப்பட்டது. பெயர் மட்டும் எஞ்சியது. ஈழத்து வழக்கில் அது 'கபச்சுரப்பி' ஆயிற்று. ஆங்கில வாசகர்க்குப் பிட்யூட்டரி என்பதில் சளி தெரிவதில்லை. தமிழ் வாசகர்க்கோ கபம் என்பது உயிருள்ள சொல். வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கொள்கை வழங்கும் மொழியில் அச்சொல் வேறொரு மருத்துவ மரபையும் உடன் அழைத்து வருகிறது. இங்கு ஒலிபெயர்ப்பே பொருளுக்கு உண்மையாக இருப்பது.

மூளை உறைகளின் கதை வேறு வகையினது. அரபு மருத்துவர்கள் அவற்றை மூளையின் 'உம்மு', அதாவது தாய் என்றனர். பொருள்களுக்கிடையேயான உறவைத் தாய், தந்தை, மகன் என்னும் உறவுப்பெயர்களால் குறிப்பது அம்மொழி மரபு. அந்நூல்கள் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இலத்தீனுக்குச் சென்றபோது அவை கடினத் தாய், மென்மைத் தாய் என்று சொல்லளவில் பெயர்க்கப்பட்டன. அவையே 'டியூரா மேட்டர்', 'பையா மேட்டர்'. வன்றாயி, மென்றாயி எனத் தமிழில் ஆக்கப்பட்ட வடிவங்கள் அரபு மரபை இலத்தீன் வழியாக மும்முறை கைமாற்றியவை. இந்திக் கலைச்சொற்கள் தாயை விட்டுவிட்டு 'திருடதானிகா', 'ஜாலதானிகா', 'மிருதுதானிகா' என உறையின் தன்மையை மட்டும் கொண்டன. தமிழில் வன்னுறை, வலையுறை, மென்னுறை என்று அவ்வாறே கூறலாம். மூன்றும் உறைகள் என்பது சொல்லிலேயே விளங்கும்.

'சிம்பதெட்டிக்' மண்டலத்தைப் 'பரிவு நரம்பு மண்டலம்' என்பது இரு வழக்குக்கும் பொது. உறுப்புகள் ஒன்றன் துன்பத்தில் மற்றொன்று பங்குகொள்கின்றன என்ற பழங்கருத்தே அப்பெயருக்கு அடி. இன்று அறியப்படும் அதன் பணியோ, இடர் நேர்கையில் இதயத்துடிப்பை மிகுத்து, கண்மணியை விரித்து, உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாக்குவது. அதன் இணையான மண்டலத்துக்கு 1905-இல் லாங்லி இட்ட பெயரின் முன்னொட்டு 'அருகில்' என்றே பொருள்படும். தமிழில் 'எதிர்ப்பரிவு' என்பார் பணியை நோக்கினர். 'இணைப்பரிவு' என்பார் முன்னொட்டை நோக்கினர். இரண்டும் ஒரே நூலில் கலந்து வருமாயின் மாணவன் இரண்டு மண்டலங்கள் உள்ளனவென்று கருதக்கூடும். நிலைபெற்றுவிட்ட பரிவை மாற்றுவதினும், ஒன்றைத் தேர்ந்து முதன்முறை வருமிடத்து விளக்கி இறுதிவரை அதனையே ஆளுவது தக்கது.

5. நுண்ணமைப்பும் ஒருவடிவச் சொற்களும்

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகுக்கு 'நியூரான்' என்ற பெயரை 1891-இல் வால்டயர் வழங்கினார். தமிழகத்தில் அது நரம்புச் செல், ஈழத்தில் நரம்புக்கலம். 'செல்' என்னும் கடன்சொல் தமிழ் வினைப்பகுதியாகிய 'செல்' என்பதோடு வடிவொத்தது. மையம் நோக்கி உணர்வைக் கொண்டுவரும் நரம்பை 'உட்செல் நரம்பு' என்றும், மையத்திலிருந்து கட்டளையைக் கொண்டுபோவதை 'வெளிச்செல் நரம்பு' என்றும் கூறும்போது, உட்செல் என்பதை உள்ளே உள்ள செல் எனப் படிக்க இடமுண்டு. 'உட்செல் நரம்புச்செல்' என்ற தொடரில் இடர்ப்பாடு இரட்டிக்கிறது. ஈழத்து 'உட்காவு', 'வெளிக்காவு' என்பன சுமத்தல் என்னும் மூலப்பொருளையும் காத்து, இம்மயக்கத்தையும் தவிர்க்கின்றன. தமிழகத்து நூல்களும் தயக்கமின்றி ஏற்கத்தக்க இணை இது.

அனிச்சைச் செயலை ஈழத்தார் 'தெறிவினை' என்பர். முன்னது விருப்பமின்மையைக் கூறுகிறது. பின்னது பட்டவுடன் தெறித்து மீளும் இயக்கத்தைக் காட்டுகிறது. இதயத்துடிப்பும் விருப்பமின்றியே நிகழ்வதாதலின், அனிச்சை என்பது இன்றியமையாத வேறுபாட்டைச் சுட்டத் தவறுகிறது. சொற்பொருள் நோக்கில் தெறிவினையே நுட்பமுடையது.

இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்துக்கு 1897-இல் செரிங்டன் 'சினாப்ஸ்' எனப் பெயரிட்டார். அப்பெயரைப் பரிந்துரைத்தவர் வெரால் என்னும் கிரேக்க அறிஞர். நரம்புகள் இடையறாத வலையாகப் பிணைந்துள்ளன என்பது கால்ஜியின் கொள்கை. ஒவ்வொரு செல்லும் தனித்தது என்பது கஹாலின் கொள்கை. 1906-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி, சந்திப்பில் ஓர் இடைவெளி இருப்பதைக் காட்டியது. வேதிப்பொருள் வழியே செய்தி கடக்கும் பெரும்பாலான சந்திப்புகளில் அவ்விடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவினது. 'நரம்பிணைப்பு' என்ற சொல் பிணைந்த நிலையை உணர்த்துவதால், தோற்ற கொள்கையின் பக்கம் சாய்கிறது. 'நரம்புச்சந்தி' என்பது தனித்த இரண்டு ஒன்றையொன்று நெருங்கி, அந்நெருக்கத்தால் மாற்றம் விளைவதைக் குறிக்கும். இலக்கணத்தில் சந்தியைக் கற்றோர்க்கு இதன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

புணர்ச்சி எழுத்து மயக்கத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர்மத்தை 'மூளைத்தண்டுவடத் திரவம்' என ஒருசேர எழுதினால், 'மூளைத்தண்டு' என்னும் மற்றோர் உறுப்பின் பெயர் முதலிற் கண்ணிற்படுகிறது. 'மூளை-தண்டுவடத் திரவம்' எனச் சிறுகோடிட்டு எழுதுவதே பிழை தவிர்க்கும் வழி.

6. சொல் நோயாளியைச் சேரும்போது

பாடநூலில் நேரும் மயக்கம் ஒரு மதிப்பெண்ணோடு போகலாம். மருத்துவமனை ஒப்புதல் படிவத்திலும் நலவாழ்வுத் துண்டறிக்கையிலும் நேர்வது அவ்வாறன்று.

முதுகெலும்புத் தொடர் 'முதுகுத்தண்டு'. அதனுள் ஓடும் நரம்புத்திரள் 'தண்டுவடம்'. ஈழத்து 'முண்ணாண்' என்பது பின்னதற்கு உரியது. தண்டு என்ற உறுப்பு இரண்டிலும் உள்ளதால் அவை ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். வளர்ந்தவரில் தண்டுவடம் முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. நீர்மம் எடுப்பதற்கும், இடுப்புக்குக் கீழ் உணர்வு நீக்குவதற்கும் ஊசி அதனினும் தாழ்வாகவே செலுத்தப்படுகிறது. அவ்விடத்தில் நீர்மமும் நரம்பு வேர்களுமே உள்ளன. இதனைப் படிவத்தில் 'தண்டுவடத்தில் ஊசி செலுத்துதல்' என்று பெயர்த்தால், வடத்தையே குத்துவதாக நோயாளி அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தால் வேண்டிய சோதனையை மறுப்பவர் உளராயின், அதற்குச் சொல்லும் பொறுப்பாகும். 'இடுப்பளவில் முதுகெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி, தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரை எடுத்தல்' என்பது நீண்டதாயினும் உண்மையானது.

'மூளைக்காய்ச்சல்' என்பது மூளை அழற்சிக்கும் மூளையுறை அழற்சிக்கும் வேறுபாடின்றி வழங்குகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசால் மூளையில் உண்டாவது, நுண்ணுயிர்க் கொல்லி மருந்துக்குக் கட்டுப்படாதது, தடுப்பூசியால் தவிர்க்கத்தக்கது. பாக்டீரியாவால் வரும் உறை அழற்சிக்கோ அம்மருந்தைக் காலந்தாழ்த்தாது அளித்தலே உயிர்காப்பது. மக்கள் சொல்லை முதலில் வைத்து, எவ்வகை என்பதை உடனே தெளிவுறுத்துதல் இங்குத் தேவை.

'வாதம்' என்பதும் அத்தகையது. பக்கவாதம் மூளையின் குருதியோட்டக் கேட்டால் வருவது. இளம்பிள்ளை வாதம் தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களை வைரசு அழிப்பதால் வருவது. முடக்குவாதம் மூட்டு நோய். பொதுப்பெயர் ஒன்றாயினும் நோயிடம் மூன்று. 'உணர்ச்சி'யும் இருபொருள் தரும்: உணர்ச்சி நரம்பு என்பதில் தொடுகை முதலிய புலனறிவு, உணர்ச்சிவயப்படுதல் என்பதில் மனவெழுச்சி. 'உணர்விழந்தார்' எனில் நினைவிழந்தாரா, தொடுகை அறியாராயினாரா என்பது தெளிவில்லை. இவ்விடத்தில் மக்கள் மொழியே துணைபுரிகிறது. 'கால் மரத்துப்போதல்' என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வடசொல்லோ கடன்சொல்லோ அதனை விஞ்சமுடியாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன நான்கு. முதலாவது, மூலச்சொல்லின் வேர்ப்பொருள் மூலமொழி வாசகர்க்கு உயிருடன் உள்ளதா என்று நோக்கவேண்டும். இல்லையெனில் அதனைத் தமிழில் எழுப்புதல் வேண்டா. இரண்டாவது, சொல்லைத் தனியே எடுத்து மதிப்பிடாமல், அதனோடு சேர்ந்து வரும் பெயரடைகளையும் நோய்ப்பெயர்களையும் ஆக்கிப் பார்த்து மதிப்பிடவேண்டும். மூன்றாவது, தமிழகத்து வழக்கும் ஈழத்து வழக்கும் ஒன்றையொன்று தள்ளவேண்டியவையல்ல. உட்காவு, தெறிவினை போன்றவை அங்கிருந்து இங்கும், புறணி, முகுளம் போன்றவை இங்கிருந்து அங்கும் செல்லத்தக்கன. நான்காவது, அறிஞர்க்கு எழுதும் சொல்லும் நோயாளிக்கு எழுதும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பதில்லை. ஆயின் இரண்டும் ஒரே உறுப்பைச் சுட்டவேண்டும்.

இந்திய மொழிகளுக்கான கலைச்சொல் தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே நிறுத்துகின்றன. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் அருகிலும் அதன் மக்கள் வழக்குப் பொருளையும், அண்டை மொழிகளில் அவ்வடிவம் தரும் பொருளையும் குறிக்கும் தொகுதி ஒன்று உருவாகுமாயின், மொழிபெயர்ப்பாளர்க்குப் பெருந்துணையாகும். 'நரம்பு' என்னும் ஒரு சொல்லுக்கு அத்தகைய குறிப்பு எழுதப்புகுவோர்க்கே அப்பணியின் தேவை நன்கு விளங்கும்.